டிராக்டரின் எடையும் மண்ணின் குணமும்

பென்னாகரம் வட்டாரத்து உழவர்களிடம் டிராக்டரைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் எழும். "வண்டி கனமாக இருந்தால்தான் இழுக்கும்" என்பார் ஒருவர். "கனமான வண்டி கொல்லையைக் கெடுத்துவிடும்" என்பார் மற்றொருவர். இருவரும் தத்தம் அனுபவத்தில் கண்டதையே சொல்லுகின்றனர். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் எல்லா நிலத்திற்கும் எல்லா நாளுக்கும் பொருந்துவன அல்ல. எந்த மண்ணில், எந்த ஈரத்தில் எடை நமக்கு உதவுகிறது, எங்கே அது பகையாக மாறுகிறது என்பதை இயற்பியலின் துணைகொண்டு எளிய கணக்குகளால் விளக்க முற்படுவதே இக்கட்டுரை.

இந்த ஆராய்ச்சிக்கு நம் தருமபுரி மாவட்டத்தைப் போலப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்குப் பேருந்தில் சென்றால், முதலில் சரளை கலந்த செம்மண் கொல்லைகளைக் காண்கிறோம். பிறகு காட்டினூடே வளைந்து இறங்கும் மலைப்பாதை வருகிறது. அதன் அடியில் காவிரிக் கரையின் பாறையும் மணலும் உள்ளன. ஆற்றின் போக்கிலேயே இன்னும் கீழே சென்றால் ஒட்டனூர், நாகமரைப் பகுதிகளில், 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீர் வற்றும்போது வெளிப்படும் வண்டல் நிலத்தில் பயிர் செய்வோரைக் காணலாம். ஆக, ஒரே வட்டாரத்தில் இறுகிய மண், சரிவு, மணல், சேறு ஆகிய நான்கும் அமைந்துள்ளன. ஒரே டிராக்டர் இந்த நான்கிலும் நான்கு விதமாக நடந்துகொள்ளும்.

எடையைக் குறைத்த வரலாறு

இயந்திர உழவின் தொடக்கக் காலத்தில் எடையே பெரும் சிக்கலாக இருந்தது. நீராவி எஞ்சின்கள் பல டன் கனம் கொண்டவை. அவை வயலில் இறங்கினால் புதைந்துவிடும். ஆகவே 1850களில் இங்கிலாந்தில் ஜான் பௌலர் என்பவர் எஞ்சினை வயலின் ஓரத்திலேயே நிறுத்தி, கம்பிவடத்தால் கலப்பையை மட்டும் வயலுக்குள் இழுக்கும் முறையை உருவாக்கினார். எஞ்சின் இழுத்தது, ஆனால் அதன் சுமையை மண் தாங்க வேண்டியிருக்கவில்லை.

1917இல் ஹென்றி போர்டின் போர்ட்சன் டிராக்டர் வந்தது. அது எடை குறைந்தது, விலையும் குறைந்தது. ஆனால் கலப்பை எதிலாவது சிக்கிக்கொண்டால் முன்பக்கம் மேலெழுந்து பின்னோக்கிக் கவிழும் ஆபத்து அதில் இருந்தது. இக்குறையைப் போக்க வழி கண்டவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன். கலப்பையைச் சங்கிலியால் பின்னே கட்டி இழுப்பதற்குப் பதிலாக, மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் அமைப்பை அவர் உருவாக்கினார். இதனால் கலப்பையின் எடையும், மண் கலப்பையைக் கீழ்நோக்கி இழுக்கும் விசையும் பின்சக்கரங்களின் மீது வந்து அமர்கின்றன. உழும் நேரத்தில் மட்டும் டிராக்டர் தானாகவே கனமாகிறது எனலாம். 1946இல் வெளிவந்த பெர்குசனின் சிறு டிராக்டர் ஏறத்தாழ 1,100 கிலோ எடையே கொண்டது. எனினும் தன்னைவிடக் கனமான டிராக்டர்களின் வேலையைச் செய்தது. 1960இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனத்தின் வழியாகத் தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்த மாசி பெர்குசன் டிராக்டரின் பெயரில் உள்ள பெர்குசன் இவரே. இன்று எந்த நிறுவனத்தின் டிராக்டரைப் பார்த்தாலும் அதன் பின்னால் அந்த மூன்று புள்ளி இணைப்பைக் காணலாம்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

எஞ்சின் எவ்வளவு ஆற்றல் உடையதாயினும், சக்கரத்தின் கீழுள்ள மண் அறுந்து நழுவிவிட்டால் அந்த ஆற்றலால் பயன் இல்லை. மண்ணின் தாங்குதிறனே இழுவிசைக்கு எல்லை. மண் எப்போது அறுந்து நழுவும் என்பதைப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் 1773இல் ஆராய்ந்து கூறினார். மின்னேற்றங்களைப் பற்றிய விதியால் நாம் அறிந்த அதே கூலும்தான் இவர்.

மண்ணின் உறுதிக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிணைப்பு. இது களிமண்ணில் மிகுதி. உலர்ந்த மணலில் அறவே இல்லை. மற்றொன்று, துகள்களுக்கு இடையேயுள்ள உராய்வு. இது மேலிருந்து அழுத்தும் எடைக்கு ஏற்பக் கூடும். மணலில் உராய்வே எல்லாம்; நீரில் ஊறிய களிச்சேற்றிலோ உராய்வு ஏறத்தாழ இல்லையென்றே கொள்ளலாம். ஏனெனில் மேலிருந்து வரும் சுமையைத் துகள்களுக்கு இடையே நிறைந்துள்ள நீரே தாங்கிக்கொள்கிறது. துகள்கள் ஒன்றையொன்று நெருக்குவதில்லை.

எனவே பிணைப்பால் கிடைக்கும் பிடிப்பு, சக்கரம் மண்ணைத் தொடும் பரப்பைப் பொறுத்தது. உராய்வால் கிடைக்கும் பிடிப்பு எடையைப் பொறுத்தது. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

இத்துடன் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சக்கரம் உருளும்போது மண்ணை அமுக்கிப் பள்ளம் செய்துகொண்டே போகிறது. இதற்காக டிராக்டர் செலவிடும் விசையை உருளல் தடை என்பர். எடை கூடினால் இதுவும் கூடும். பிடிப்பிலிருந்து உருளல் தடையைக் கழித்தால் மிஞ்சுவதே கலப்பைக்குக் கிடைக்கும் இழுவிசை.

மூன்று நிலங்களில் ஒரு கணக்கு

நம் பகுதியில் ஓடும் 35 முதல் 45 குதிரைத்திறன் டிராக்டர்கள் ஏறத்தாழ 1,700 முதல் 2,000 கிலோ எடை கொண்டவை. கணக்கிற்காக 1,800 கிலோ டிராக்டர் ஒன்றைக் கொள்வோம். அதில் 1,200 கிலோ பின்சக்கரங்களிலும் 600 கிலோ முன்சக்கரங்களிலும் இருக்கட்டும். இரு பின்சக்கரங்களும் சேர்ந்து 2,000 சதுர செ.மீ. பரப்பில் மண்ணைத் தொடுவதாகக் கொள்வோம். பின்வரும் மண் அளவுகள் அவ்வகை மண்ணுக்குப் பொதுவாக ஏற்றவை, விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை.

முதலில், ஓரளவு உலர்ந்து இறுகிய செம்மண் கொல்லை. இதில் பிணைப்பு சதுர செ.மீ.க்கு 0.15 கிலோ என்றால் 2,000 சதுர செ.மீ.க்கு 300 கிலோ. உராய்வுக் கோணம் 30 பாகை என்றால் 1,200 கிலோவுக்கு ஏறத்தாழ 700 கிலோ. ஆக மொத்தப் பிடிப்பு 1,000 கிலோ. உருளல் தடை எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு, அதாவது ஏறத்தாழ 130 கிலோ. மிஞ்சுவது 870 கிலோ. இப்போது பின்சக்கர டயர்களில் நீர் நிரப்பி 300 கிலோ எடையைக் கூட்டினால், இழுவிசை ஏறத்தாழ 1,020 கிலோவாக உயர்கிறது. "கனமான வண்டிதான் இழுக்கும்" என்றவர் சொன்னது இந்த நிலத்தில் சரியே.

அடுத்து, காவிரிக் கரையின் உலர்ந்த மணல். பிணைப்பு இல்லை. உராய்வால் வரும் 700 கிலோ மட்டுமே உண்டு. ஆனால் சக்கரம் மணலில் அமிழ்வதால் உருளல் தடை எடையில் கால் பங்கு ஆகிவிடுகிறது. அதாவது 450 கிலோ. மிஞ்சுவது 250 கிலோவே. எடையை 300 கிலோ கூட்டினால் இழுவிசை 345 கிலோ ஆகும். ஆனால் எடையைத் தொடாமல், டயரின் காற்றை ஓரளவு குறைத்து அது அகலமாக அமரும்படி செய்து, அமிழ்தலைக் குறைத்தால் என்ன ஆகும்? உருளல் தடை நூற்றுக்குப் பதினைந்து பங்காகக் குறைந்தால் 430 கிலோ இழுவிசை கிடைக்கும்! மணலில் எடை உதவுகிறது. ஆயினும் அகலம் அதைவிட மிகுதியாக உதவுகிறது. வேலை முடிந்து சாலைக்கு ஏறுமுன் காற்றை மீண்டும் உரிய அளவுக்கு நிரப்பிவிட வேண்டும்.

மூன்றாவது, அணைநீர் வற்றிச் சில நாட்களே ஆன வண்டல் சேறு. உராய்வு இல்லை. பிணைப்பு சதுர செ.மீ.க்கு 0.1 கிலோ என்றால் மொத்தப் பிடிப்பு 200 கிலோ. உருளல் தடையோ 450 கிலோவுக்குக் குறையாது. டிராக்டரால் கலப்பையை இழுப்பது இருக்கட்டும், தன்னையே நகர்த்திக்கொள்ள இயலாது. சக்கரம் சுற்றச் சுற்றப் பள்ளம் ஆழமாகும். "பின்னால் நாலு பேர் ஏறி நில்லுங்கள், பிடிப்பு வரும்" என்று சிலர் சொல்வதுண்டு. கணக்குப்படி அவர்கள் ஏறுவதால் பிடிப்பு சிறிதும் கூடாது, புதைவதுதான் கூடும். "கனமான வண்டி கெடுத்துவிடும்" என்றவர் சொன்னது இந்த நிலத்தைத்தான்.

பரிசல் கற்பிக்கும் பாடம்

சேற்றில் என்ன செய்வது என்பதற்கு ஒகேனக்கல் பரிசலே நல்ல விளக்கம். இரண்டரை மீட்டர் விட்டமுள்ள, தட்டையான அடியுடைய ஒரு பரிசலைக் கொள்வோம். அதன் அடிப்பரப்பு ஏறத்தாழ ஐந்து சதுர மீட்டர். அதில் நூறு கிலோ சுமையை ஏற்றினால் அது கூடுதலாக இரண்டு செ.மீ. ஆழமே நீரில் அமிழும். அதனால்தான் பாறைகள் மறைந்திருக்கும் ஆழமற்ற நீரிலும் பரிசலை ஓட்ட முடிகிறது. நீர் தாங்குவதும் மண் தாங்குவதும் வெவ்வேறு விதிகளின்படியே என்றாலும், சுமையை அகலப் பரப்பினால் அமிழ்தல் குறையும் என்பது இரண்டிற்கும் பொது.

நெல்வயலில் சேற்றுழவு செய்யும்போது பின்சக்கரங்களோடு கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரங்களைப் பூட்டுவது இதற்காகவே. அவை தொடும் பரப்பைப் பெருக்குகின்றன. அவற்றின் இரும்புப் பட்டைகள் சேற்றை ஊடுருவி அடியிலுள்ள கெட்டி மண்ணையும் பற்றுகின்றன. காவிரிப் பாசனப் பகுதியில் அடிமண் இறுகியிருப்பது டிராக்டரைத் தாங்கவும் நீர் வடியாமல் நிற்கவும் உதவுகிறது. அங்கும் சில வயல்களில் மண் மிகவும் இளகிக் கால் புதையும். அத்தகைய வயல்களில் 400 கிலோ எடையுள்ள கல் உருளையைப் பதமான ஈரத்தில் எட்டு முறை ஓட்டி மண்ணை இறுக்கும்படி வேளாண்மைப் பல்கலைக் கழகம் பரிந்துரைக்கிறது. எடையை மண்ணுக்கு மருந்தாகத் தரும் இடமும் உண்டு என்பதற்கு இது சான்று. நம் மேட்டுக் கொல்லைகளின் நிலையோ இதற்கு நேர்மாறு. அதனைப் பின்னர்க் காண்போம்.

வழுக்கலின் விலை

இழுக்கும் சக்கரம் சிறிதும் வழுக்காமல் ஓடுவதில்லை. இறுகிய மண்ணில் நூற்றுக்கு எட்டு முதல் பத்து, உழுத மண்ணிலும் மணலிலும் நூற்றுக்குப் பதினைந்து வரை வழுக்கல் இருப்பது முறையானது. அதற்கு மேல் போனால் எடை போதவில்லை என்று பொருள். மிகவும் குறைந்திருந்தால் தேவைக்கு மேல் எடையைச் சுமந்து டீசலை வீணாக்குகிறோம் என்று பொருள்.

நம் மாவட்டத்தில் பெரும்பாலான சிறு உழவர்கள் டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கே அமர்த்துகின்றனர். இரண்டு மீட்டர் அகலமுள்ள கொத்துக்கலப்பையோடு மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் சுற்றுவதாகக் கொள்வோம். வழுக்கல் நூற்றுக்கு 15 என்றால் ஓர் ஏக்கர் உழ 36 நிமிடம் ஆகும். வழுக்கல் 35 என்றால் அதே ஏக்கருக்கு 47 நிமிடம். திரும்பும் நேரம் இதில் சேராது. ஏக்கருக்குப் பதினொரு நிமிட வாடகையை உழவர் வெறும் சக்கரச் சுழற்சிக்காகக் கொடுக்கிறார். டயரும் தேய்கிறது, மேல்மண்ணும் அரைபட்டுப் புழுதியாகிறது.

வழுக்கலை அளக்கக் கருவி எதுவும் வேண்டா. பின்சக்கரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். கலப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்று ஓட்டி, கடந்த தூரத்தை அளக்க வேண்டும். பிறகு அதே நிலத்தில் கலப்பையை இறக்கிப் பத்துச் சுற்று ஓட்டி அளக்க வேண்டும். முன்னது 39 மீட்டர், பின்னது 34 மீட்டர் என்றால் வழுக்கல் ஏறத்தாழ நூற்றுக்கு 13.

மண்ணுக்குள் நடப்பது

இனி எடையால் நிலம் கெடுவது எப்படி என்பதைப் பார்ப்போம். இங்கே வியப்பான ஓர் உண்மை உண்டு. நம் டிராக்டரின் பின்சக்கரம் மண்ணை அழுத்துவது சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ. உழவு மாட்டின் குளம்போ சதுர செ.மீ.க்கு ஒரு கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. அப்படியானால் மாடு அல்லவா நிலத்தை மிகுதியாக இறுக்க வேண்டும்?

மேற்பரப்பில் அது உண்மையே. ஆனால் அழுத்தம் எவ்வளவு ஆழம் செல்லும் என்பது தொடும் பரப்பின் அகலத்தைப் பொறுத்தது. பிரெஞ்சு அறிஞர் பூசினெஸ்க் 1885இல் வகுத்த சமன்பாட்டின்படி, சுமை தாங்கும் பரப்பின் விட்டத்திற்குச் சமமான ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ நூற்றுக்கு 28 பங்காகக் குறைகிறது. பத்து செ.மீ. அகலமுள்ள குளம்பின் அழுத்தம் பத்து செ.மீ. ஆழத்திலேயே அவ்வாறு தளர்ந்துவிடும். அடுத்த உழவு அந்த இறுக்கத்தைக் கிளறிவிடும். 34 செ.மீ. அகலமுள்ள டயரின் அழுத்தமோ 34 செ.மீ. ஆழம் வரை செல்கிறது. அந்த ஆழத்தில் டயரின் அழுத்தம் குளம்பின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. கொத்துக்கலப்பை அந்த ஆழத்தை எட்டுவதில்லை. மேல்மண்ணின் இறுக்கம் டயரின் அழுத்தத்தாலும், அடிமண்ணின் இறுக்கம் டிராக்டரின் மொத்தச் சுமையாலும் வருவன என்று சுருக்கமாகக் கூறலாம்.

செம்மண் நிலங்களில் நுண்ணிய களித்துகள்கள் நீரோடு கீழிறங்கிப் படிவதாலும், ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதாலும் இயல்பாகவே அடிமண் இறுகுகிறது. டிராக்டரின் சுமை அதனை மேலும் வலுவாக்குகிறது. இதனால் மழைநீர் உள்ளிறங்காமல் வழிந்தோடும். மானாவாரியாகக் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் நிலக்கடலையும் விளைவிக்கும் நம் பகுதிக்கு இது பேரிழப்பு. மரவள்ளிக் கிழங்கு தடிப்பதற்கும் இளகிய மண் வேண்டும்.

இதற்கு மாற்று உண்டு. உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் முதலில் ஒரு திசையிலும் பிறகு குறுக்காகவும் ஓட்டி அடிமண்ணைப் பிளக்க வேண்டும், எக்டருக்கு 12.5 டன் தொழு உரம் இட வேண்டும். இதனை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும். உளிக்கலப்பையை இழுக்க வலிய டிராக்டர் வேண்டும் என்பதும் கருதத்தக்கது. எந்த எடை மண்ணை இறுக்கியதோ, அதே எடை உலர்ந்த மண்ணில் அதனைப் பிளக்கவும் பயன்படுகிறது. வேறுபாடு ஈரத்தில்தான் உள்ளது.

ஆகவே பதம் பார்த்தே டிராக்டரை இறக்க வேண்டும். உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கலாம். கயிறுபோல் திரிந்தால் ஈரம் மிகுதி. டிராக்டர் காத்திருக்க வேண்டும். உருண்டை விரல் பட்டவுடன் உதிர்ந்தால் பதம் சரி. மழை பெய்த மறுநாளே வாடகை வண்டி கிடைக்கிறது என்பதற்காக அவசரப்படுவது, ஒரு பருவத்தின் வேலையை முடித்துப் பல பருவங்களின் விளைச்சலைக் குறைப்பதாகும்.

சரிவில் எடை

நான்காவது நிலமாகிய சரிவில் எடை உயிரோடு தொடர்புடையது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில், 1,800 கிலோ டிராக்டரும் 4,000 கிலோ சுமையுள்ள டிரெய்லரும் சேர்ந்து 580 கிலோ விசையோடு கீழ்நோக்கி இழுக்கப்படுகின்றன. இறங்கும்போது பிரேக் இல்லாத டிரெய்லர் டிராக்டரைப் பின்னிருந்து தள்ளும். டிராக்டரின் எடை டிரெய்லரின் எடையில் பாதிகூட இல்லாதபோது, அது பக்கவாட்டில் திருகிச் சாய்வது எளிது. ஒகேனக்கல் மலைப்பாதை போன்ற இடங்களில் எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். நடுவில் கிளட்சை மிதித்து வண்டியை உருளவிடலாகாது.

ஏறும்போது வேறோர் ஆபத்து. நம் டிராக்டர் 700 கிலோ விசையோடு ஒரு பொருளை இழுக்கிறது என்போம். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 1.85 மீட்டர். இழுக்கும் கயிறு தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் கட்டப்பட்டால் முன்சக்கரங்களின் சுமை 170 கிலோ குறையும். அதையே 90 செ.மீ. உயரத்தில் கட்டினால் 340 கிலோ குறையும். 600 கிலோவில் மிஞ்சுவது 260 கிலோ. ஏறுசரிவில் அதுவும் குறைந்து, கிளட்சைச் சட்டென விட்டால் முன்பக்கம் எழுந்துவிடும். பின்னோக்கிக் கவிழ இரண்டு வினாடிகூட ஆகாது. ஓட்டுபவர் சுதாரிக்க நேரம் இராது. ஆகவே மரவேரையோ பாறையையோ இழுக்கும்போது தாழ்வான இழுசட்டத்தில் மட்டுமே கட்ட வேண்டும். முன்பக்கத்தில் இரும்பு எடைகளை மாட்டுவதும் இதற்காகவே.

முடிவாக

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். உலர்ந்து இறுகிய செம்மண்ணில் எடை இழுவிசையைத் தரும். தேவையான அளவு சேர்த்து, வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும். மணலில் எடையைவிட அகலமான டயரும் குறைந்த காற்றும் நல்லவை. சேற்றில் எடை பகை, பரப்பே துணை. சரிவில் எடை எவ்வளவு என்பதைக் காட்டிலும் எங்கே அமர்ந்திருக்கிறது என்பதே முதன்மை. எந்த நிலத்திலும் சக்கரங்கள் சென்ற தடத்திலேயே மீண்டும் செல்வது நல்லது. முதல் முறை ஓடும்போதே இறுக்கத்தின் பெரும்பகுதி நேர்ந்துவிடுவதால், புதிய தடம் புதிய சேதமாகும்.

சிறு நிலங்களுக்கு ஆயிரம் கிலோவுக்கு உட்பட்ட சிறு டிராக்டர்களும், அதில் பாதி எடையே உள்ள பவர் டில்லர்களும் இன்று கிடைக்கின்றன. எது தம் மண்ணுக்கு ஏற்றது என்று அறிய விரும்புவோர்க்குப் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையமும் அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையும் அருகிலேயே உள்ளன. நம் கல்லூரி மாணவர்களில் பலர் உழவர் குடும்பத்தினர். விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் ஒரு சாக்கட்டித் துண்டையும் ஓர் அளவு நாடாவையும் எடுத்துச் சென்று, தம் கொல்லையில் உழும் டிராக்டரின் வழுக்கலை ஒருமுறை அளந்து பார்ப்பாராக. ஏக்கருக்குப் பத்து நிமிட வாடகை மிச்சமானாலும், ஒரு கோடை மழை கூடுதலாக மண்ணுக்குள் இறங்கினாலும், அது நாம் படித்த படிப்பு நம் வீட்டிற்குச் செய்த உதவியாகும்.